கூறைப் பகுதியும் என் தைரொய்ட்டும்

புடவைக்கடையில் வேலை செய்கிறவர்களுக்குக் கைமுதல் இரண்டே இரண்டுதான்: ஒன்று வாய், மற்றது கால். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இருக்கும் ஒரு கடையின் மேல்மாடியில், கூறைச் சேலைப் பகுதியில், இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பல வருடங்களாக நான் நன்றாகத்தான் பிழைத்து வந்தேன். பிறகு ஒரு காலம் வந்தது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து என்னைக் கைவிடத் தொடங்கின.

காரணம் கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி என்பது இப்போது எனக்குத் தெரியும். அதை ஒரு டொக்டருக்குத் தெரியப்படுத்த நான் பட்ட பாடுதான் இது. வாசிக்கும்போதே கை தன்பாட்டில் கழுத்துக்குப் போகிறவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சேலை பார்த்துக்கொண்டிருங்கள்.

ஏசிக்குள் ஒரு சுவெட்டர்

முதலில் வந்தது குளிர். கொழும்பில் குளிர் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? வெளியில் வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்கும். உள்ளே எல்லோரும் ஏசிக்குக் கீழே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் கடைச் சேலைக்கு மேல் ஒரு சாம்பல் நிறச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, விரல் விறைக்க விறைக்கப் பட்டுச் சேலை விரித்துக்கொண்டிருப்பேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. கலியாணச் சேலை காட்டுகிற ஆள் காய்ச்சல்காரி மாதிரி நிற்கக்கூடாது என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். கழற்றினால் பல் கிட்டுகிறது, நான் என்ன செய்ய?

ஒரு நாள் கிருலப்பனையிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகுந்த கரிசனையோடு கேட்டார்: "ஏன் தங்கச்சி, நுவரெலியாக் குளிருக்குப் போற வழியில இஞ்ச இறங்கிட்டீங்களோ?"

நடக்கச் சொன்ன டொக்டர்

குளிருக்குப் பின்னால் களைப்பு வந்தது. நித்திரை கொண்டு எழும்பினாலும் களைப்பு. கடைப் படியேறி மேல்மாடிக்கு வருவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சாப்பாடு குறைந்தது, உடம்பு கூடியது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி.

எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையில் ஒரு குடும்ப டொக்டர் இருக்கிறார், நல்ல மனிதர். இரத்தம் பார்க்கச் சொன்னார். ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, தைரொய்ட் சாடையாகக் கூடக் குறைய நிற்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை, இரவில் சோற்றைக் குறையுங்கள், பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் நடவுங்கள் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். டொக்டர் சொன்னால் தலையாட்டித்தான் எங்களுக்குப் பழக்கம்.

அடுத்த நாள் கடையில் பரீனாவிடம் சொன்னேன். பரீனா என்னோடு கூறைப் பகுதியில் நிற்பவள், கொட்டாஞ்சேனைக்காரி, மனதில் பட்டதை மடித்துச் சொல்லத் தெரியாதவள். அவள் கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டுச் சொன்னாள்: "அல்லாஹ்வே, விடிஞ்சா பொழுதுபட்டா இந்தக் கடைக்குள்ளயே நடக்கிற ஒங்களயா நடக்கச் சொன்ன? அவரு ஒங்கட காலப் பாத்தாரா, மொகத்தயாவது பாத்தாரா?"

இவர் சொன்ன வரலாறு

அதன் பிறகு காசு கட்டி நம்பர் எடுத்து, பெரிய டொக்டரைச் சனல் பண்ணினோம். 'பண்ணினோம்' என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்களில் ஒரு பெண் பெரிய டொக்டரிடம் தனியே போவதில்லை. கணவரும் கூட வருவார், வருவது மட்டுமல்ல, நோயையும் அவரே சொல்லுவார். எங்கள் பேச்சில் நோய்க்கு வருத்தம் என்று பெயர். அந்த வருத்தம் எனக்கு வந்ததே தவிர, அதைச் சொல்லுகிற உரிமை என் வீட்டுக்காரருக்குத்தான் இருந்தது.

நான் அன்று செய்த பிழை வேறு. டொக்டரிடம் போவதென்றால் நாங்கள் தலை தோய்ந்து, பவுடர் பூசி, பொட்டு வைத்து, மடிப்புக் குலையாத சேலையோடு போவோம். நோயாளி மாதிரிப் போனால் சனம் என்ன நினைக்கும்? முகத்தில் இருந்த வீக்கத்தையும் வெளிறலையும் என் கையாலேயே நன்றாக மறைத்துக்கொண்டுதான் போனேன். டொக்டர் ரிப்போட்டைப் பார்த்தபடியே "எப்பிடி இருக்கிறியள்?" என்றார். வாய் தன்பாட்டில் "சுகமா இருக்கிறன் டொக்டர்" என்றது. ஆரும் கேட்டால் அப்படித்தானே சொல்லிப் பழக்கம்! பிறகு நான் வாயைத் திறக்க முதல் இவர் ஆரம்பித்துவிட்டார். "நீர் இரும், நான் சொல்லுறன். டொக்டர், இவ சின்ன விசயத்துக்கும் கனக்க யோசிக்கிற ஆள்."

டொக்டர் இவரைப் பார்த்துச் சிரித்தார். ரிப்போட் ஏறக்குறைய நோர்மல், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம், இந்த வயதில் பெண்களுக்கு இதெல்லாம் இருக்கும்தானே என்று இவரிடமே விளக்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்தபோது, அடுத்த நம்பரோடு காத்திருந்த ஒரு வயதான அம்மா வியப்போடு கேட்டார்: "என்ன பிள்ளை, டொக்டரைப் பாக்கப் போனனீங்களோ, கதவு பூட்டியிருக்கோ எண்டு பாக்கப் போனனீங்களோ?"

காட்டிய சேலையைத் திரும்பக் காட்டியது

உங்களுக்கு ஒரு தொழில் இரகசியம் சொல்கிறேன். கூறைப் பகுதியில் விற்கத் தெரிந்தவள் என்பவள் ஞாபகம் உள்ளவள். நூறு சேலை விரித்துக் கிடந்தாலும், முதலில் எதைக் கண்டு பெண்ணின் கண் விரிந்தது, எதைக் கண்டு மாமியாரின் உதடு சுழித்தது என்பதெல்லாம் மனதில் நிற்க வேண்டும். கடைசியில் எல்லோரும் குழம்பி நிற்கும்போது அந்த முதல் சேலையை உருவி எடுத்துக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

அந்த ஞாபகம் போகத் தொடங்கியது. ஒரு மாப்பிள்ளை வீட்டார் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார்கள். மெரூன் நிறத்தில், மாங்காய்க் கரை போட்ட ஒரு கூறையை விரித்து, அதன் அருமை பெருமையெல்லாம் சொல்லி மடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே கூறையைப் புதிதாக எடுப்பதுபோல் எடுத்து, அதே அருமை பெருமையைத் திரும்பச் சொன்னேன். மூன்றாம் தரமும் எடுத்தபோது கூட வந்திருந்த மணப்பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஏன் என்றே விளங்கவில்லை. குரலும் அடைத்து, ஆண்பிள்ளைக் குரலாகக் கரகரத்தது. மாப்பிள்ளையின் தாய் என் கையிலிருந்து சேலையை மெதுவாக வாங்கினார். கோபமே இல்லை அவருக்கு, அதுதான் என்னைச் சுட்டது. "நீங்கள் கொஞ்சம் இருங்கோ பிள்ளை, நாங்களே எடுத்துப் பாக்கிறம்."

துவாய்ப் பகுதி

அது முதலாளியின் காதுக்குப் போனது. அவர் கெட்டவர் அல்ல, சத்தம் போடவும் இல்லை. மாத முடிவில் என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். கீழ்த்தளம் என்றால் துடைக்கிற துவாய், படுக்கை விரிப்பு, கைலேஞ்சி. கூறைப் பகுதியிலிருந்து அங்கே இறங்குவதற்கு எங்கள் கடையில் என்ன அர்த்தம் என்று சேலைக்கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நான் நோயாளி என்று யாராவது ஒரு டொக்டர் சொல்லியிருந்தால் லீவு கேட்டிருப்பேன், மருந்து குடித்திருப்பேன், திரும்பி வந்திருப்பேன். ஆனால் டொக்டர்மார் சொல்கிறபடி எனக்கு ஒன்றுமில்லையே! ஒன்றுமில்லாத ஒருத்தி வேலையில் பிழை விட்டால் அவளுக்குப் பெயர் சோம்பேறி. முதலாளி என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது: "கவலைப்படாதேங்கோ தங்கச்சி, துவாய்ப் பகுதியில கதைக்கவே தேவையில்லை. துவாயைப் பாத்து ஆரும் கேள்வி கேக்க மாட்டினம்."

கடைக்கு வந்த வைத்தியர்கள்

இதற்கிடையில் வாடிக்கையாளர்களின் வைத்தியம் ஒரு பக்கம் நடந்தது. முட்டைக்கோவா சாப்பிடாதே என்றார் ஒருவர். கொத்தமல்லி அவித்துக் குடி என்றார் இன்னொருவர். கண்ணூறு, கழிக்க வேண்டும் என்றார் மற்றொருவர். உப்பை மாற்று, தலையணையை மாற்று, கடைசியில் வீட்டையே மாற்றச் சொன்ன ஒருவரும் இருந்தார், வாசல் தெற்குப் பார்த்திருக்கிறதாம். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் சொல்லுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார்கள்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவரிடம் நானே வாயைக் கொடுத்தேன். அங்கே என்றால் டொக்டர்மார் ஆறுதலாக இருந்து கேட்பார்களாமே என்று ஏக்கத்தோடு கேட்டேன். அவர் சேலையை உதறிக்கொண்டே சொன்னார்: "நல்லாக் கேப்பினம், அதில ஒரு குறையும் இல்லை. ஆனா முறை வாறவரைக்கும் நீங்கள் உயிரோட இருக்கோணும்."

இரண்டாம் முறை, தனியாக

இம்முறை இவருக்குச் சொல்லாமல் அதே பெரிய டொக்டரிடம் தனியாகப் போனேன். பவுடர் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். குளிர், களைப்பு, முடி, குரல், மறதி, விழுங்கும்போது தொண்டையில் ஏதோ முட்டுவது. ஒன்றையும் விடக்கூடாது.

உள்ளே போனால், கதவுக்கு இந்தப் பக்கம் போட்டிருந்த கதிரையில் அடுத்த நோயாளியும் வந்து இருந்துவிட்டார். அங்கே அப்படித்தான், நேரம் மிச்சம் பிடிக்க ஒருவர் உள்ளே இருக்கும்போதே மற்றவரையும் அனுப்பிவிடுவார்கள். அந்நியர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் இருக்க என் உடம்பைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. இருந்தும் சொன்னேன். "குளிருது டொக்டர், பிறகு களைப்பு…" என்று தொடங்கி முடிக்கு வருவதற்குள் டொக்டர் எழுதத் தொடங்கிவிட்டார். விற்றமின், நித்திரைக்கு ஒரு குளிசை, மனதை இலேசாக வைத்திருக்கச் சொல்லி ஒரு புத்திமதி. பேனை மூடியைப் போடும் சத்தம் கேட்டது. குரலும் மறதியும் தொண்டையும் சொல்லாமலே மிஞ்சிவிட்டன. அப்போது வந்த கோபத்தை விழுங்கியபோதும் அது தொண்டையில் முட்டித்தான் போனது.

எழும்பித் திரும்பினேன். பின்னால் இருந்த அம்மா என் கையைப் பிடித்து, டொக்டருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார்: "பிள்ளை, நீங்கள் சொன்ன அவ்வளவும் எனக்கும் இருக்கு. உங்களுக்கு எழுதினதையே எனக்கும் எழுதச் சொல்லிப்போட்டு நானும் போகட்டோ?"

போன் இல்லாமல் ஒரு மனிதர்

நான் துவாய்ப் பகுதிக்கு இறங்க வேண்டிய மாதமுடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை கூறை எடுக்க மூன்று பேர் மேலே வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், மருமகளாக வரப்போகிற பெண், அவர்களுக்குப் பின்னால் கார்ச் சாவியோடு மாப்பிள்ளையின் தகப்பன். தகப்பனைக் கண்டதும் என் கை நின்றுவிட்டது. பெரிய டொக்டர். நான் யாரென்று அவருக்கு மட்டும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் பார்த்தது என் ரிப்போட்டைத்தானே!

எங்கள் கடையில் கணவன்மாருக்கென்று கண்ணாடிக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருக்கிறோம். சேலை எடுத்து முடியும்வரை அவர்கள் அதில் இருந்து போனைப் பார்ப்பார்கள். டொக்டரும் இருந்தார், போனை எடுத்தார். மாப்பிள்ளை லண்டனில். சேலையைப் படம் பிடித்து அவருக்கும் அனுப்ப வேண்டும், மற்றவர்களின் போனில் சார்ஜ் இல்லை. டொக்டரின் போனைப் பெண்சாதி வாங்கி மருமகளிடம் கொடுத்துவிட்டார். அதோடு டொக்டருக்குப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போனது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். ஏசியைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் என்னைப் பார்க்கத் தொடங்கினார்.

நானோ வேலையில் மூழ்கிவிட்டேன். சேலையை என் தோளில் போட்டு, கண்ணாடி முன் தலையை நிமிர்த்திக் காட்டினால்தான் கரை எடுபடும். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். நடுவில் நிறத்தின் பெயர் வாயில் வராமல் நின்றேன். சுவெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். வெயில் ஏறி மதியமாகிவிட்டது. ஒரு சிவப்புக் கூறையைத் தோளில் போட்டு நிமிர்ந்தபோது பக்கத்தில் குரல் கேட்டது.

"உங்களுக்கு இஞ்ச குளிருதோ?"

"ஓம் டொக்டர்."

"குரல் எப்பவும் இப்பிடியோ?"

"இல்லை டொக்டர். போன வருசம்வரைக்கும் நல்லா இருந்தது."

அவர் எழும்பி வந்தார். பரீனாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கி என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் நிமிர்ந்து, ஒரு வாய் விழுங்குங்கோ." கூறை தோளில் கிடக்க, நான் விழுங்கினேன். அவர் கழுத்தை உற்றுப் பார்த்தார். பின்னால் வந்து நின்று இரண்டு கை விரல்களாலும் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"தைரொய்ட் நல்லா வீங்கியிருக்கு. உங்களுக்கு வருத்தம் இருக்கு அம்மா. எந்த டொக்டரிட்டக் காட்டுறனீங்கள்? அவர் உங்கட கழுத்தைப் பாக்கவே இல்லையோ?"

எனக்கு அவரை அவமானப்படுத்தும் எண்ணம் துளியும் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னேன். "உங்களிட்டத்தான் டொக்டர். ரெண்டு தரம் வந்தனான்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், இந்த முறை என் முகத்தைப் பார்த்தார். "திங்கக்கிழமை வாங்கோ. நம்பர் எடுக்க வேண்டாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. அவருடைய பெண்சாதி சேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கலியாணம் முடிச்ச நாளில இருந்து நானும் இதைத்தான் சொல்லுறன். போனையும் பேப்பரையும் பறிச்சால்தான் இந்த மனிசனுக்கு ஆக்கள் தெரியும்."

கணக்கு முடிக்கும்போது

அவர்கள் சேலை எடுக்கவில்லை. மணப்பெண்ணுக்குப் பீச் நிறம்தான் வேண்டுமாம், கூறையில் அதை எங்கே தேடுவது? நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். விரித்த சேலைகள் மலையாகக் கிடந்தன. நான் அவற்றுக்கு நடுவில் நிலத்தில் இருந்து அழுதேன். துக்கத்தில் அல்ல. உனக்கு வருத்தம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதலாளி மேலே வந்தார். மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பரீனா நடந்ததையெல்லாம் சொல்லக் கேட்டார். பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப, காலமை முழுக்க நிண்டு ஒரு கூறையும் விக்கேல்லை, தைரொய்ட் ஒண்டைத்தான் வித்திருக்கிறியள்."

வெறும் வயிறு

திங்கட்கிழமை போனேன். இவரும் வந்தார். இவர் வாயைத் திறந்ததும் டொக்டர் கையைக் காட்டி, "அவ சொல்லட்டும்" என்றார். பின்னால் கதிரையில் யாரையும் இருத்தவில்லை. விட்டுப்போன இரத்தப் பரிசோதனைகளும் கழுத்து ஸ்கானும் எழுதினார். உடம்பே தன் தைரொய்ட்டைத் தின்னுகிற வகை வருத்தமாம். முன்பே தேடியிருக்க வேண்டும், பிழை தன்னுடையது என்று இவருக்கு முன்னாலேயே சொன்னார். வீட்டு வாசலுக்கு வந்ததும் இவர், "நீர் எனக்குச் சரியாச் சொல்லியிருக்கலாம்" என்றார். எத்தனை தரம் சொன்னேன் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. மறதிக்கு மருந்து தொடங்கியது எனக்கு மட்டும்தானே!

காலையில் வெறும் வயிற்றில் குளிசை, அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்குத் தேத்தண்ணி இல்லை. அதுதான் பெரிய தண்டனை. ஆனால் மாதங்கள் போகப் போகப் படிகள் குறைந்த மாதிரி இருந்தது. குரல் திரும்பியது. துவாய்ப் பகுதிக்கு நான் இறங்கவேயில்லை, முதலாளி வேறொருவரைப் போட்டார். சுவெட்டரை ஒரு நாள் நான் கழற்றி ஆணியில் மாட்டியபோது பரீனா தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அறிவித்தாள்: "இப்பதான் அக்கா நீங்க கொழும்புக்கு வந்து சேர்ந்தீக்கிறீங்க."

ஆகவே, கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கும் என் சக நோயாளிகளே, டொக்டர் உங்களை நிமிர்ந்து பார்க்க வேண்டுமென்றால் சனல் பண்ணிப் பயனில்லை, அவர் வீட்டில் ஒரு கலியாணம் வரும்வரை காத்திருந்து சேலைக்கடையில் பிடியுங்கள்.